அமுச்சிக்கு ஒரு இறப்புச் சான்று

எங்க பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்துட்டா முதல் ரெண்டு வாரம் எப்படி ஓடுதுன்னே தெரியாது. எடுக்கிற அன்னைக்கு ஊரும் ஒறம்பரையும் கூடி நிற்கும். மூணாம் நாள் பால் தெளிக்கணும். அதுக்கப்புறம் கேதம் கேட்க வர்றவங்களுக்குக் காப்பி வெச்சுக் கொடுக்கவே வீட்டுப் பொம்பளைங்களுக்கு நேரம் சரியா இருக்கும். நடுவில் பேரூர் போய் நொய்யல் படித்துறையில் காரியம். பதினாறாம் நாள் கருமாதி, விருந்து. பந்தலைப் பிரிச்சு வண்டியில் ஏத்தின பிறகுதான் வீட்டுக்காரங்க கால் நீட்டி உட்காருவாங்க.

பிறப்பு இறப்பைப் பதிய சட்டம் கொடுக்கிற அவகாசம் 21 நாள். கருமாதி முடிஞ்சா கையில் மிச்சம் இருக்கிறது அஞ்சு நாள்.

இப்போ நிறைய வீடுகளில் மூணாம் நாளோடயே எல்லாத்தையும் முடிச்சுக்கறாங்க. அவங்களுக்கு நேரம் இருக்கு. ஆனாலும் பதிவு விட்டுப்போகுது. ஏன் விட்டுப்போகுது, யாருக்கு விட்டுப்போகுதுன்னு கொஞ்ச காலமா கவனிச்சுட்டு வர்றேன். எங்க சொந்தத்தில் இந்த மாதிரி காகித வேலைன்னா என்னைத்தான் கூப்பிடறாங்க. அதனால் பார்த்ததை எழுதி வெச்சா நாலு பேருக்கு உதவும்னு தோணுச்சு.

முதல்ல எல்லாரும் குழம்புகிற விஷயம்: எங்கே பதியறது? 1969-ல் வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் இதுக்கு விடை ஒண்ணே ஒண்ணுதான். உயிர் எங்கே பிரிஞ்சுதோ அங்கேதான் பதிவு. சொந்த ஊர் எது, ஆதாரில் என்ன விலாசம், எங்கே எரிச்சாங்க, எங்கே புதைச்சாங்க என்பதெல்லாம் கணக்கில்லை. கொங்கு நாட்டுக்காரங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஏன்னா உடுமலை, தாராபுரம், கோபி, ஊட்டின்னு எந்த ஊர்ல நெஞ்சு வலி வந்தாலும் கடைசியில் வண்டி வந்து நிற்கிறது கோயம்புத்தூரில். ஒண்ணு பெரியாஸ்பத்திரி, இல்லைன்னா அவினாசி ரோட்டில் இருக்கிற ஏதாவது ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே உயிர் போச்சுன்னா பதிவு கோவை மாநகராட்சியில்தான். உடலை ஊருக்குக் கொண்டு போய் அடக்கம் பண்ணிட்டு, சொந்த ஊர் வி.ஏ.ஓ. ஆபீசில் போய் நின்னா அவரால் ஒண்ணும் பண்ண முடியாது. "நீங்க கோயமுத்தூர் போகோணுங்" என்று சொல்லி அனுப்பிடுவார். வந்தவங்க அவர் அலைக்கழிக்கிறார்னு கோபப்பட்டுக்கிட்டு திரும்புவாங்க. அவர் மேல் தப்பில்லை. ஓடுகிற வண்டியிலேயே உயிர் போனாலும், வண்டி முதலில் எங்கே நிற்குதோ அங்கே தகவல் கொடுக்கணும்னு விதியில் இருக்கு.

மருத்துவமனையில் இறந்தவங்களுக்கு ஒரு வசதி, தகவல் கொடுக்க வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. நாம் ஓட வேண்டியதில்லை. நாம் செய்ய வேண்டியது பெயரைச் சரிபார்க்கிறது. அட்மிஷன் போடும்போது பதறிக்கிட்டு யாரோ சொன்ன பெயர்தான் அங்கே கேஸ் ஷீட்டில் இருக்கும். அதே எழுத்துதான் பதிவேட்டுக்குப் போகும், அதேதான் சான்றிதழில் வரும். நம்ம பக்கத்துப் பெயர்களில் இந்தச் சிக்கல் ரொம்ப அதிகம். ராமாத்தாள்னு ஒரு பெயரை எடுத்துக்குங்க. வீட்டில் ராமாத்தா. ரேஷன் கார்டில் ராமாயாள். ஓட்டர் லிஸ்டில் ராமாயம்மாள். நிலப் பத்திரத்தில் ராமாத்தாள் என்கிற ராமக்காள். ஆம்பளைங்களிலும் பழனிசாமி, பழனிச்சாமி, பழனியப்பன் மூணும் ஒரே ஆளாக இருப்பார். உடலை வாங்குகிற நேரத்தில் இதையெல்லாம் பார்க்கிற மனசு யாருக்கும் இருக்காது. அதனால் பங்காளியோ மாப்பிள்ளையோ, அழுகைக்கு நடுவிலும் கொஞ்சம் நிதானமாக இருக்கிற ஒருத்தர் கையில் ஆதார் அட்டையைக் கொடுத்து, மருத்துவமனை பதிவுப் பிரிவுக்கு அனுப்பி, எழுத்துக்கு எழுத்து பார்க்கச் சொல்லிடுங்க. பதிவுக்கு முன்னாடி திருத்தறது ஒரு நிமிஷ வேலை. பின்னாடி திருத்தறதுக்குத் தனியா விண்ணப்பம், ஆதாரம், விசாரணை எல்லாம் வேணும்.

வீட்டில் இறந்தவங்க கதை வேற. கிராமமாக இருந்தால் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். எங்க ஊர்ப் பெரியவங்க இன்னமும் அவரை மணியக்காரர்னுதான் சொல்றாங்க. பரம்பரை மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980-ல் ஒழிச்சிருச்சு, ஆனா பேர் போகலை. கோவை மாநகராட்சி எல்லைக்குள்ளேன்னா 100 வார்டுகள், அஞ்சு மண்டலங்கள். உங்க வார்டு எந்த மண்டலமோ அங்கே சுகாதார ஆய்வாளரைப் பார்க்கணும். ஏற்கெனவே வைத்தியம் பார்த்துட்டிருந்த டாக்டர் இருந்தால், இறப்புக்கான காரணத்தை எழுதி ஒரு சான்று கொடுப்பார். அதுக்குக் காசு வாங்கக் கூடாது. ஆத்துப்பாலம், நஞ்சுண்டாபுரம், சொக்கம்புதூர் மாதிரி மயானங்களில் கொடுக்கிற ரசீதையும் பத்திரமா வெச்சுக்கணும். அந்த ரசீதையே இறப்புச் சான்றுன்னு நினைச்சு வருஷக்கணக்கா பீரோவில் பூட்டி வெச்சிருக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். அது சான்று இல்லைங்க. அது ஒரு ஆதாரம் மட்டும்தான்.

தோட்டத்துச் சாளையில் இறந்து, சொந்தத் தோட்டத்து மூலையிலேயே அடக்கம் ஆகிறவங்களுக்கு அந்த ரசீது கூடக் கிடையாது. டாக்டர் வந்து பார்த்திருக்க மாட்டார். வயசாச்சு, கண்ணை மூடிட்டாங்க, அவ்வளவுதான். இவங்கள்ல ஆம்பளைங்களுக்கு எப்படியாவது பதிவு நடந்துடுது. பட்டா அவர் பேரில் இருக்கும், கிணத்து மோட்டாருக்கு இலவச மின்சார இணைப்பு அவர் பேரில் இருக்கும், சொசைட்டிக் கடன் அவர் பேரில் இருக்கும். ஏதாவது ஒண்ணு மகன்களை ஆபீசுக்குத் துரத்தும். பொம்பளைங்களுக்கு அப்படி எதுவும் துரத்தாது. அவங்க பேரில் எதுவும் கிடையாது, அதனால் பதிவும் கிடையாது.

இது எங்க வீட்டு அனுபவத்தை வெச்சு மட்டும் சொல்லலை. 2020-ல் இந்தியா முழுக்கப் பதிவான இறப்புகள் சுமார் 81 லட்சம். அதில் ஆண்கள் 60 சதவீதத்துக்கு மேல், பெண்கள் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆண்கள் சீக்கிரம் இறக்கறாங்க, விபத்திலும் அதிகம் போறாங்க, அது உண்மைதான். அதைக் கழிச்சுட்டுப் பார்த்தாலும் அறுபதுக்கு நாற்பதுங்கிற அளவுக்கு இடைவெளி வர வேண்டிய அவசியம் இல்லை. பதிவேட்டுக்குள்ளேயே வராமல் போன பெண்கள் இதில் நிச்சயம் இருக்காங்க. சட்டத்தை எழுதினப்போதே, வீட்டில் ஒரு சாவு நடந்தால் யார் தகவல் கொடுக்கணும்கிற வரிசையில் குடும்பத் தலைவர், அவர் இல்லைன்னா அவரோட நெருங்கின சொந்தம், அதுவும் இல்லைன்னா அந்த வீட்டில் இருக்கிற வயசில் மூத்த ஆண்னு எழுதினாங்க. பக்கத்தில் இருந்து கடைசித் தண்ணி ஊத்தின பொம்பளை அந்த வரிசையில் பேர் சொல்லி வரவே இல்லை.

எங்க அமுச்சி கதைக்கு வர்றேன். அம்மாவைப் பெத்த பாட்டி. அவங்க வீட்டுக்காரர், எங்க அப்புச்சி, முதல்ல போயிட்டார். அவருக்குச் சான்று இருக்கு, அப்பவே வாங்கிட்டாங்க. சில வருஷம் கழிச்சு அமுச்சி தோட்டத்து வீட்டில், தூக்கத்திலேயே போனாங்க. கருமாதி எல்லாம் குறைவில்லாமல் நடந்துச்சு. பதிவு பண்ணலை. இப்போ மாமாக்கள் நிலத்தைப் பாகம் பிரிக்கலாம்னு உட்கார்ந்தபோது அப்புச்சிக்கு வாரிசுச் சான்று தேவைப்பட்டுச்சு. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டோம். தாலுகா ஆபீசில் கேட்ட முதல் கேள்வி: "இறந்தவரோட மனைவி இருக்காங்களா?" இறந்துட்டாங்க. "சான்று?"

பெரிய மாமாகிட்ட அப்பவே ஏன் பதியலைன்னு கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "அம்மா பேர்ல என்னங் கண்ணு கெடந்துச்சு, பதியறதுக்கு?"

அவர் அம்மா மேல் உசிரையே வெச்சிருந்த மனுஷன். கடைசிக் காலத்தில் கையில் ஏந்திப் பார்த்துக்கிட்டவர். பாசக் குறைவு துளியும் கிடையாது. நிலம் இருக்கிறவங்களுக்குத்தான் சான்று என்கிற நினைப்பு அவ்வளவு ஆழமா ஊறிப் போயிருக்கு. எழுபது வயசுக்கு மேல் வாழ்ந்து, அஞ்சு பிள்ளை பெத்து, விடியறதுக்கு முன்னாடி கட்டுத்தரையில் சாணி வழிச்சு, அந்தத் தோட்டத்தையே தூக்கி நிறுத்தின ஒருத்தங்க இறந்தாங்கன்னு சொல்ல அரசாங்கத்தில் ஒரு வரி கூட இல்லை. ரேஷன் கார்டை ஸ்மார்ட் கார்டா மாத்தினபோது பேர் தானா விட்டுப் போயிருந்துச்சு. அவ்வளவுதான் அவங்க போனதுக்கு அரசாங்கத்தில் இருந்த தடயம்.

விட்டுப்போனதைப் பின்னாடி பதியவும் வழி இருக்கு. 21 நாள் தாண்டி 30 நாளுக்குள்ளேன்னா தாமதக் கட்டணத்தோட பதிவாளரே பதிஞ்சுடுவார். 30 நாள் தாண்டி ஒரு வருஷத்துக்குள்ளேன்னா மேலதிகாரியோட எழுத்துப்பூர்வ அனுமதி வேணும். ஒரு வருஷமும் தாண்டிட்டா நிர்வாக நடுவரோட உத்தரவு வேணும். நம்ம பக்கம் அது ஆர்.டி.ஓ. கோவை மாவட்டத்தில் கோவை வடக்கு, கோவை தெற்கு, பொள்ளாச்சின்னு மூணு கோட்டங்கள். உங்க ஊர் எதில் வருதோ அங்கே. முதல்ல, இந்த இறப்பு பதிவேட்டில் இல்லைன்னு ஒரு சான்று வாங்கணும். அப்புறம் விண்ணப்பம், உறுதிமொழிப் பத்திரம், கையில் இருக்கிற ஆதாரங்கள், சாட்சிகள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு அறிக்கை படிப்படியா மேலே போகும். உத்தரவு வந்த பிறகு அதைக் கொண்டு போய்ப் பதிவாளர்கிட்ட கொடுத்தால் அவர் பதிவார்.

இதெல்லாம் நடைமுறை, பொறுமை இருந்தால் நடந்துடும். எங்களை நிறுத்தின கேள்வி வேற: எந்த தேதி?

மாமாக்களில் ஒருத்தர் 2005-ங்கறார். இன்னொருத்தர் 2006-ங்கறார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தேதியே ஞாபகம் இல்லை. அவங்க சொன்னது: "மாசி மாசம். சிவராத்திரி அன்னைக்கு ராத்திரி நல்லாத்தான் பேசிட்டிருந்தாங்க. அதுலிருந்து மூணாம் நாள். செவ்வாக்கெழமை. வீதியெல்லாம் எலக்சன் பேச்சு." பழைய பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தேன். 2005-ல் மகா சிவராத்திரி செவ்வாய்க்கிழமையே வந்திருக்கு, அப்போ மூணாம் நாள் வியாழன் ஆயிடும். 2006-ல் சிவராத்திரி பிப்ரவரி 26, ஞாயிறு. மூணாம் நாள் 28, செவ்வாய். சட்டமன்றத் தேர்தல் நடந்ததும் 2006 மே மாசம்தான். அம்மா சொன்னது அத்தனையும் ஒரே நாளில் போய் உட்கார்ந்துச்சு.

ஆனா ஆபீசில் காட்டக் காகிதம் வேணுமே. சொந்தத்தில் ஒவ்வொரு வீடா கேட்டதில், அன்னூர்ப் பக்கம் இருக்கிற ஒரு பெரியம்மா தன்னோட டிரங்குப் பெட்டியில் இருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்தாங்க. உள்ளே கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ்னு எல்லாம். அதுக்கு நடுவில் கறுப்புக் கரை போட்ட ஒரு அட்டை, அமுச்சியோட கருமாதி அழைப்பு. ஓரம் கரையான் தின்னிருந்துச்சு, எழுத்து தப்பிச்சிருந்துச்சு. கருமாதி நாள் 15.3.2006, புதன்கிழமை. பதினாறாம் நாள் அது. பின்னோக்கி எண்ணினா பிப்ரவரி 28, செவ்வாய். அமுச்சி பேரும் அதில் முழுசா இருந்துச்சு, புருஷன் பேரோட. அந்த அட்டையையும், அன்னைக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓடி வந்த ஒரு தாத்தாவோட வாக்குமூலத்தையும் வெச்சுத்தான் உத்தரவு வந்துச்சு.

ஒரு வருஷம் முன்னே பின்னே இருந்தால் என்ன போச்சுன்னு நினைக்கலாம். நிறைய போகும். அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமின்னு ஒரு தமிழ்நாட்டு வழக்கு. உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 20-ல் தீர்ப்பு சொல்லுச்சு. ஒருத்தர் 1938-ல் கோர்ட் ஏலத்தில் வாங்கின நிலம். அவருக்கு ஒரே மகள். அந்த மகளும் 1967-ல் வாரிசு இல்லாமல் இறந்துட்டாங்க. நிலம் யாருக்குப் போகணும்கிற சண்டையில் முக்கியமான கேள்வி, அந்த மனுஷன் எந்த வருஷம் இறந்தார் என்கிறது. ஒரு தரப்பு 1957-ங்குது, இன்னொரு தரப்பு 1949-ங்குது. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956 ஜூன் 17. அதுக்கு முன்னாடி இறந்திருந்தால் மகளுக்கு உரிமை இல்லை, தம்பி மகனுக்குத்தான் போகும்னு வாதம். கீழ்க் கோர்ட் 1949-தான்னு முடிவு பண்ணி, பங்கு கேட்டுப் போன தம்பி மகள் தரப்பை 1994-ல் திருப்பி அனுப்புச்சு. சென்னை உயர் நீதிமன்றம் 2009-ல் அதையே உறுதி பண்ணுச்சு. கடைசியில் உச்ச நீதிமன்றம், 1956-க்கு முன்னாடியே இறந்திருந்தாலும் ஒருத்தர் சுயமாகச் சம்பாதிச்ச சொத்து அவர் மகளுக்குத்தான் போகும்னு சொல்லி, அந்தப் பெண் தரப்புக்கு அஞ்சில் ஒரு பங்கைக் கொடுத்துச்சு. சட்டத்தில் இது பெரிய தீர்ப்பு. ஆனா நான் அதைப் படிக்கும்போது கண் நின்னது அந்த ரெண்டு வருஷங்களில்தான். ஒருத்தர் இறந்த தேதியை அவர் போய் எத்தனையோ வருஷம் கழிச்சுக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டி வந்தால், அதில் அடிபடறது பெரும்பாலும் பொம்பளைங்க பங்குதான்.

எங்க வீட்டில் வாரிசுச் சான்று வந்தபோது அதில் மாமாக்கள் பேரோட அம்மா பேரும் சித்தி பேரும் வரிசையில் இருந்துச்சு. பாகம் எப்படிப் பிரிச்சாங்கங்கிறது குடும்ப விஷயம், அது இங்கே வேண்டாம்.

இன்னொண்ணு சொல்லணும், இதைப் பத்தி யாரும் வாய் விட்டுக் கேட்க மாட்டாங்க. தற்கொலை நடந்த வீடுகளில், ஊர் பேசற பேச்சுக்குப் பயந்த வியாதி வந்த வீடுகளில், பதியப் போகவே தயங்கறாங்க. பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கிற இடத்தில், பையனுக்கு வேலையில், இந்தச் சான்றைக் கொடுக்க வேண்டி வந்தால் எல்லாம் தெரிஞ்சுடுமேன்னு. தெரியாதுங்க. இறப்புக்கான காரணம் பதிவேட்டில் இருக்கும், புள்ளிவிவரத்துக்காக மேலே போகும். ஆனா யாருக்குச் சான்று கொடுத்தாலும் அதில் காரணம் வரக் கூடாதுன்னு சட்டத்தோட 17-வது பிரிவு தெளிவாச் சொல்லுது. சான்றில் பேர், இறந்த தேதி, இடம், பெற்றோர் அல்லது துணையோட பேர், விலாசம், பதிவு எண் மாதிரி விவரங்கள்தான் இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை வீட்டில் தள்ளிப் போட்டிருக்காங்கன்னு நினைச்சா மனசு கனக்குது. தெரிஞ்சவங்க யாருக்காவது இந்தத் தயக்கம் இருந்தால் தயவு பண்ணிச் சொல்லுங்க.

பதிவு நடந்தால், தகவல் கொடுத்தவருக்கு முதல் சான்று இலவசம். 2023-ல் சட்டத்தைத் திருத்தி, அந்த வருஷம் அக்டோபர் 1-லிருந்து, பதிஞ்ச ஏழு நாளுக்குள்ளே சான்று கொடுக்கணும்னு ஆக்கியிருக்காங்க. பதிவாளர் மறுத்தாலோ, அவர் முடிவில் குறை இருந்தாலோ 30 நாளுக்குள்ளே மாவட்டப் பதிவாளர்கிட்ட மேல்முறையீடு பண்ணலாம். மாநிலம் முழுக்க ஒரே இணையதளத்துக்கு வந்தாச்சுங்கறதால், சமீப வருஷத்துச் சான்றை வீட்டில் இருந்தே இறக்கிக்கலாம். கிராமத்துப் பழைய பதிவுன்னா அந்தந்த சார் பதிவாளர் ஆபீசில் தேடணும்.

அம்மாவும் நானும் இப்போ ஒரு நோட்டில் எழுதிட்டிருக்கோம். ரெண்டு பக்கத்துச் சொந்தத்திலும் இறந்து போன பொம்பளைங்க யார் யார், யாருக்குச் சான்று இருக்கு, யாருக்கு இல்லைன்னு. அம்மா திதியும் கிழமையும் சொல்வாங்க, நான் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதி போடுவேன். சொத்துப் பிரச்சினை எதுவும் இல்லாதவங்களுக்கும் சேர்த்துத்தான். அடுத்தது அப்பாவோட அத்தை. கிணத்துக்கடவு பக்கம் மகன் வீட்டில் இறந்தாங்க, பொள்ளாச்சிக் கோட்டம். அவங்களை எடுத்த அன்னைக்குக் கூட இருந்தவங்களில் சாட்சி சொல்லக் கூடியவர் ஒரே ஒருத்தர்தான் இருக்கார், அவருக்கும் எண்பது தாண்டிருச்சு. இந்த மாசமே அவரைக் கூட்டிட்டுப் போகணும்.